முள்ளை லேசாக்கினால் ரெக்கார்டு பிழைத்துவிடாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், இசைத்தட்டுகள் மறுபடியும் வீடுகளுக்குத் திரும்பி வருவதைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். அப்பாவும் தாத்தாவும் வாங்கி வைத்த ரெக்கார்டுகளைப் பரணிலிருந்து இறக்கி, புது பிளேயர் ஒன்று வாங்கி, வீட்டோடு உட்கார்ந்து கேட்கிறவர்களின் பேட்டி நன்றாகவே இருந்தது. ஆனால் ஓரத்தில் கட்டம் கட்டிப் பராமரிப்பு யோசனைகள் கொடுத்திருந்தீர்களே, அதில் ஒரு வரி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. முள் எவ்வளவு லேசாக உட்காருகிறதோ அவ்வளவு காலம் ரெக்கார்டு உழைக்கும், அதனால் எடையை முடிந்தவரை குறைத்து வையுங்கள் என்று இருந்தது. இது தவறான யோசனை. இதை நம்பி எடையைக் குறைத்தவர்களின் ரெக்கார்டு இந்த நேரம் கெட்டுக்கொண்டிருக்கும், அதுவும் அவர்களுக்குத் தெரியாமலே. தயவுசெய்து ஒரு திருத்தம் போடுங்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இசைத்தட்டின் பள்ளம் ஆங்கில ‘வி’ வடிவத்தில் வெட்டப்பட்டது. இரண்டு சுவரும் 45 டிகிரி சாய்ந்திருக்கும். தட்டின் மையத்தைப் பார்த்த பக்கம் உள்ள சுவரில் இடது ஸ்பீக்கருக்கான ஒலி, விளிம்புப் பக்கம் உள்ள சுவரில் வலது ஸ்பீக்கருக்கான ஒலி. முள் இந்த இரண்டு சுவரையும் விடாமல் தொட்டபடியே ஓட வேண்டும். நிதானமான வீணை ஆலாபனையில் இது பெரிய வேலை இல்லை. நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்கு ஏறும்போதும், சுசீலா, ஜானகி மாதிரி குரல்கள் உச்சத்தில் ‘ச’, ‘ஸ’ என்று இழுக்கும்போதும் அந்தச் சுவர் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இப்படியும் அப்படியும் வளைகிறது. எடை போதாத முள் அந்த வளைவில் சுவரை விட்டு விலகிப் போய், திரும்ப வந்து சுவரிலேயே இடிக்கிறது. ஏற்காடு மலைப்பாதையில் காலி டெம்போவும் சுமையேற்றிய டெம்போவும் வேகத்தடையில் ஏறி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும், காலி வண்டிதான் தூக்கித் தூக்கிப் போடும். முள்ளின் நுனி வைரம், தட்டு வெறும் வினைல். இடித்தால் தேய்வது எது என்று சொல்லத் தேவையில்லை. அந்த இடத்தில் சுவர் ஒருமுறை பெயர்ந்துவிட்டால், அப்புறம் லட்ச ரூபாய் கார்ட்ரிட்ஜ் (முள்ளைப் பிடித்திருக்கும் சின்னப் பெட்டி) மாட்டினாலும் அதே கரகரப்பு அதே இடத்தில் வந்தே தீரும்.

சரியான எடையிலோ, அதைவிடக் கால் கிராம் கூடுதலாகவோ ஓடும் சுத்தமான வைர முள்ளால் வரும் தேய்மானம் மிகவும் மெதுவானது. எடை போதாமல் ஓடும் முள் ஒரே தடவை ஓட்டத்தில் செய்யும் சேதம் நிரந்தரம். இரண்டில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைத்தான் உங்கள் யோசனை தலைகீழாகச் சொல்லிவிட்டது.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். அம்மாபேட்டையில் என் அப்பா மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகை என்றால் விடியற்காலையிலேயே குழாய் கட்டி ரெக்கார்டு போட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் காலத்து பிளேயர்களில் இருந்தது செராமிக் கார்ட்ரிட்ஜ், எடை நாலு கிராம், ஆறு கிராம் என்று இருக்கும். முள்ளும் பல பெட்டிகளில் வைரம் கிடையாது, சஃபையர்தான், சீக்கிரமே மழுங்கிவிடும். மழுங்கிய முள் தாவ ஆரம்பித்தால், மாற்றப் புது முள் கையில் இல்லாத அவசரத்தில், முள்ளைத் தாங்கி வரும் நீளக் கைப்பிடியின் தலை மேல் நாலணா காசு ஒன்றை ஒட்டிவிடுவார்கள். பழைய நாலணா ஒன்று இரண்டரை கிராமுக்குக் குறையாது. ஆக எட்டு கிராம் பாரத்தில் மொட்டை முள், அதுவும் திருவிழா முழுக்க ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப. அந்த ரெக்கார்டுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கறுப்பு போய்ச் சாம்பல் பூத்திருக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் எடை என்றாலே ஆகாது என்று நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் எட்டு கிராமுக்குப் பயந்து, இரண்டு கிராம் வேண்டிய இடத்தில் ஒரு கிராம் வைப்பது மருந்து ஆகாது.

எத்தனை கிராம் என்பதை முடிவு செய்யும் உரிமை நமக்கும் இல்லை, கடைக்காரருக்கும் இல்லை. கார்ட்ரிட்ஜ் செய்த கம்பெனிதான் சொல்ல வேண்டும், சொல்லியும் இருக்கிறது. இப்போது பரவலாகக் கிடைக்கும் ஆர்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.6 முதல் 2 கிராம் வரை, நடுவில் 1.8 வைக்கச் சொல்கிறார்கள். ஆடியோ டெக்னிகா விஎம்95ஈ என்றால் 1.8 முதல் 2.2 வரை, வைக்க வேண்டியது 2. அதே கம்பெனியின் விலை குறைந்த 3600எல் 2.5 முதல் 3.5 வரை கேட்கும். டெனான் 103 இரண்டரை கிராம். ஒரு கார்ட்ரிட்ஜுக்குச் சரியானது இன்னொன்றுக்கு விஷம். பழைய காகிதங்களில் கிராமுக்குப் பதிலாக மில்லிநியூட்டன் என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், 18 மில்லிநியூட்டன் என்றால் ஏறக்குறைய 1.8 கிராம், பத்தால் வகுத்துக்கொண்டால் போதும். கொடுத்திருக்கும் எல்லைக்குள் மேல் பாதியில் வையுங்கள், கீழ் எல்லையில் வைக்காதீர்கள். இது என் அழுத்தமான அபிப்பிராயம்.

என் சகலைக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டம், நாகலூர் போகும் வழியில் வீடு. புது டர்ன்டேபிள் வாங்கியிருந்தார். போனதும் வாசலிலேயே, “சகலை, ஸ்பீக்கரை மாத்திடலாம்னு இருக்கேன், மூணாவது பாட்டுக்கு மேல காதுல ஏறுது, கேக்கவே முடியல” என்றார். நாதஸ்வர எல்.பி. (பன்னிரண்டு அங்குலப் பெரிய தட்டு) ஒன்றைப் போட்டுக் காட்டினார். முதல் பாட்டு அருமை. உள்ளே போகப் போக நாதஸ்வரத்தின் மேல் ஒரு கிழிசல் சத்தம். எடை எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். கடைக்காரப் பையனே வந்து 1.8 வைத்துவிட்டுப் போனான் என்று கைப்பிடியின் பின்னால் இருக்கும் வளையத்தைக் காட்டினார், 1.8 என்றுதான் இருந்தது. என் பையில் இருந்த சின்ன டிஜிட்டல் எடைமானியை எடுத்து முள்ளுக்கு அடியில் வைத்தால் 1.3 காட்டுகிறது. அரை கிராம் எங்கே போனது? முள்ளுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி வரும் பாருங்கள், அதைக் கழற்றாமலே அந்தப் பையன் கைப்பிடியைச் சமன் செய்திருக்கிறான். மூடியின் எடையையும் சேர்த்துச் சமன் ஆகியிருக்கிறது, அதற்கு மேல் 1.8 திருகியிருக்கிறான். பாட்டுப் போட மூடியைக் கழற்றியதும் அதன் எடை முன்பக்கம் குறைந்துபோய், முள்ளுக்குக் கிடைத்தது வெறும் 1.3. கம்பெனி சொன்ன கீழ் எல்லையையும் விடக் குறைவு. ஸ்பீக்கரில் எந்தக் கோளாறும் இல்லை. எடையைச் சரி செய்துவிட்டு, வேறொரு புதிய ரெக்கார்டைப் போட்டதும் கடைசிப் பாட்டு வரை சுத்தமாக ஓடியது. அந்த நாதஸ்வர எல்.பி.யில் மட்டும் கிழிசல் கொஞ்சம் தங்கிவிட்டது. அது இனிமேல் போகாது, அவருக்கும் அது தெரிந்துபோய் முகம் வாடிவிட்டது. அது மறுபடி அச்சுக்கு வராத தட்டு.

சமன் செய்வதைச் சரியாகச் செய்தால் இந்த வம்பு இல்லை. முதலில் பிளேயர் வைத்திருக்கும் மேசையைக் கொத்தனார் ரசமட்டம் வைத்து நாலு பக்கமும் மட்டம் பாருங்கள். முள்ளின் மூடியைக் கழற்றுங்கள். ஆன்டி ஸ்கேட்டிங் திருகை (முள் உள்பக்கம் இழுபடுவதைச் சமாளிக்கும் திருகு) பூஜ்யத்தில் வையுங்கள். கைப்பிடியைப் பூட்டிலிருந்து விடுவித்துத் தட்டுக்கு வெளியே நிறுத்தி, பின்னால் இருக்கும் எடைக்கட்டியை முன்னும் பின்னும் திருகிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் கைப்பிடி மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் காற்றில் மிதந்து நிற்கும். விரலால் மெல்லத் தட்டிவிட்டாலும் ஆடிவிட்டு அதே மட்டத்துக்கு வர வேண்டும். இங்கே அவசரப்படக் கூடாது, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மிதந்ததும், எடைக்கட்டியை அசைக்காமல், எண்கள் போட்ட வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும். அதற்குப் பிறகு எடைக்கட்டியைத் திருகினால் வளையமும் சேர்ந்து சுற்றும், வேண்டிய எண் வந்ததும் நிறுத்திவிடலாம்.

ஆனாலும் வளையத்தில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பல பிளேயர்களில் அது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். முள் எடை பார்ப்பதற்கென்றே சின்ன டிஜிட்டல் எடைமானி இணையக் கடைகளில் விற்கிறது, நூற்றில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும், ஒரு புது ரெக்கார்டின் விலைகூட வராது. சேலத்துக்காரர்களுக்கு இதைவிடப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையிலும் பள்ளப்பட்டியிலும் கொலுசுப் பட்டறைக்குப் பட்டறை மில்லி வரை காட்டும் தராசு இருக்கிறதே! எனக்குத் தெரிந்த பட்டறைத் தம்பி ஒருவரைத் தராசோடு வீட்டுக்குக் கூப்பிட்டு வந்து பார்த்தேன். அவர் முதலில் தட்டில் ஒரு எடைப்படியை வைத்துத் தராசைச் சோதித்துவிட்டு, “அண்ணா, இதுல ரெண்டு கிராம்னா ரெண்டு கிராம்தானுங்க, மில்லி பெசகாது” என்றார். வாஸ்தவம்தான். ஆனால் முள்ளை அதில் இறக்கப் போனால், தொடும் முன்னேயே எண் ஆடுகிறது. கார்ட்ரிட்ஜுக்குள் காந்தம் இருக்கிறது, தராசின் உடம்பு இரும்பு, ஒன்றை ஒன்று இழுக்கிறது. அந்த இழுப்பும் எடையில் சேர்ந்துவிட்டால் தராசு கூடுதலாகக் காட்டும், நாம் அதைப் பார்த்து முள்ளைக் குறைத்து வைத்துவிடுவோம், திரும்பவும் அதே லேசு முள்ளில்தான் வந்து நிற்போம். அதனால் எந்தத் தராசாக இருந்தாலும் முள்ளை அதன் மேல் படாமல் பிடித்துப் பாருங்கள், எண் அசையாமல் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். இன்னொன்று, எடை பார்க்கும்போது முள் ரெக்கார்டு ஓடும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். பட்டறைத் தராசு உயரம், கைப்பிடி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், அப்போது காட்டும் அளவு வேறு. தட்டையான சின்ன எடைமானிதான் இதற்குத் தோது.

எடை பாதி வேலை. மீதிப் பாதியை உங்கள் கட்டுரை தொடவே இல்லை, அது கார்ட்ரிட்ஜின் நிலை. ரெக்கார்டை வெட்டும் இயந்திரத்தில் வெட்டு முனை விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நேர்கோட்டில் நகரும். நம் வீட்டுக் கைப்பிடி ஒரு மூலையில் நிலைத்திருந்து வட்டமாக வீசி வருகிறது. ஆகவே வெட்டிய கோணத்திலேயே முள் எல்லா இடத்திலும் உட்கார முடியாது, இது வடிவக் கணக்கு, யாராலும் மாற்ற முடியாது. இந்தப் பிரச்சினையை 1924லேயே இங்கிலாந்தில் பெர்சி வில்சன் எழுதிவிட்டார். 1938ல் ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் லோஃப்கிரென் கணக்குப் போட்டு, கைப்பிடியின் தலையைக் கொஞ்சம் உள்பக்கம் வளைத்து, முள்ளைத் தட்டின் மைய அச்சைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தால், தட்டில் இரண்டு இடங்களில் பிழை பூஜ்யம் ஆகும், மற்ற இடங்களில் சொற்பம்தான் இருக்கும் என்று காட்டினார். 1941ல் பேர்வால்டும் அதே விடைக்கு வந்தார். மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும் அந்த இரண்டு இடங்கள். அவர்கள் கணக்குப் போட்டது சரி, நம் வீட்டில் கார்ட்ரிட்ஜை இரண்டு திருகாணியில் மாட்டும் கை அதை மதிக்க வேண்டுமே. சாதாரண ஒன்பது அங்குலக் கைப்பிடியில் முள் அச்சைத் தாண்டி நிற்க வேண்டிய தூரம் 15 முதல் 18 மில்லிமீட்டர்தான், அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கடைசிப் பாட்டில் தெரியும், அதிலும் எலிப்டிகல் முள் (நீள்வட்ட நுனி) என்றால் நன்றாகவே தெரியும். உருண்டை நுனி முள் கொஞ்சம் மன்னிக்கும்.

இதற்குத் தேவையானது ஒரு காகிதம். புரோட்ராக்டர் என்று இணையத்தில் தேடினால் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் இரண்டு இடத்தில் கட்டம் போட்டுப் புள்ளி வைத்திருப்பார்கள். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கும்போது ‘ஃபிட் டு பேஜ்’ என்று போட்டுச் சுருக்கிவிடுவார்கள், நூறு சதவீத அளவில்தான் வேண்டும் என்று நின்று சொல்லி வாங்குங்கள். வாங்கியதும் அங்கேயே அதிலிருக்கும் அளவுகோட்டின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடுங்கள், நூறு மில்லிமீட்டர் 97 ஆகியிருந்தால் அந்தக் காகிதம் பொட்டலம் மடிக்கத்தான் ஆகும். நடு ஓட்டையைச் சரியாக வெட்டி அச்சில் மாட்டி, முள்ளை முதல் புள்ளியில் இறக்குங்கள். கார்ட்ரிட்ஜின் உடம்பு கட்டத்தின் கோடுகளுக்கு இணையாக நிற்கிறதா என்று நேர் முன்னால் குனிந்து ஒரு கண்ணால் பாருங்கள், சாய்ந்து பார்த்தால் கண் ஏமாற்றும். இணையாக இல்லை என்றால் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தித் திருப்புங்கள், பிறகு இரண்டாவது புள்ளி. அங்கேயும் முள் புள்ளியில் உட்கார்ந்து, உடம்பும் இணையாக நின்றால் வேலை முடிந்தது. ஒன்று சரியாகி மற்றொன்று சரியாகாவிட்டால் கார்ட்ரிட்ஜை முன்னேயோ பின்னேயோ நகர்த்த வேண்டும். உடம்பு வளைவாக இருக்கும் கார்ட்ரிட்ஜ்களில் கோடு பிடிப்பது கஷ்டம், அதற்கு 0.5 மைக்ரோ டிப் பென்சில் லெட் ஒன்றைக் கார்ட்ரிட்ஜின் முன்முகத்தில் குறுக்காகத் துளி பசைமண்ணால் ஒட்டிக்கொண்டால் கோணம் பளிச்சென்று தெரியும். பார்த்து முடித்ததும் எடுத்துவிடுங்கள், அதற்கும் எடை உண்டு. கார்ட்ரிட்ஜை நகர்த்தினாலே முன்பக்க எடை மாறிவிடும், ஆகவே எடையைக் கடைசியில் இன்னொருமுறை பார்த்தே தீர வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

டெக்னிக்ஸ் 1200 பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம், தலை மாட்டும் இடத்து ரப்பர் வளையத்திலிருந்து முள் நுனி வரை 52 மில்லிமீட்டர் என்று அந்தக் கம்பெனியே சொல்லியிருக்கிறது.

இந்த வேலையில் முள்ளை உடைத்துவிடுவோமோ என்று பயப்படுபவர்கள் முள் பகுதியைத் தனியாக உருவி வைத்துவிட்டுத் திருகாணி வேலையைச் செய்யலாம், மூவிங் மேக்னட் (முள்ளோடு காந்தம் அசையும்) வகையில் பெரும்பாலும் அது உருவ வரும். காந்தம் ஏற்றிய ஸ்க்ரூடிரைவரைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். கார்ட்ரிட்ஜில் மாட்டும் நாலு மெல்லிய ஒயர்களில் சிவப்பும் பச்சையும் வலது பக்கம், வெள்ளையும் நீலமும் இடது பக்கம். ஒயர் முனை அறுந்துவிட்டால் கார்ட்ரிட்ஜின் கம்பியில் வைத்தே பற்றவைக்கக் கூடாது, சூட்டில் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் போய்விடும்.

தமிழ்நாட்டில் நம் கையில் இருக்கும் ரெக்கார்டுகளுக்கு என்று ஒரு விஷயம் உண்டு, வெளிநாட்டு வழிகாட்டிகள் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. நம் வீட்டுப் பரண்களில் எல்.பி.யைவிட ஏழு அங்குல ஈ.பி.தான் அதிகம், படத்துக்கு இரண்டு பாட்டோ நாலு பாட்டோ போட்டு வந்தவை. எல்.பி.யில் வெளிவிளிம்பில் முள்ளுக்கு அடியில் தட்டு நொடிக்கு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் ஓடுகிறது, உள்ளே கடைசிப் பாட்டுக்கு வரும்போது 21 ஆகிவிடும். அதே பாட்டின் அலைகள் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கும், அதனால்தான் எல்லாக் கோளாறும் உள்ளே வந்ததும் வெளிப்படுகிறது. ஈ.பி.யில் தொடங்குவதே நடுவில்தான். நிமிடத்துக்கு 45 சுற்று என்பதால் நொடிக்கு 40ல் ஆரம்பித்து 25க்கு வந்து நிற்கும், பரவாயில்லை. ஆனால் எச்.எம்.வி. ‘சூப்பர் 7’ என்று 33 சுற்றில் போட்ட சிறு தட்டுகள் உண்டே, அவற்றில் ஆரம்பமே 29, முடிவு 19! முழுத் தட்டுமே எல்.பி.யின் கடைசிப் பாட்டு ஓடும் இடம். அங்கே கோணப் பிழையை அது கொஞ்சமும் தாங்காது. இப்படிச் சிறு தட்டுகளே அதிகம் கேட்பவர்கள், 1966ல் ஸ்டீவன்சன் போட்ட கணக்கின்படி வரைந்த காகிதத்தைப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதில் பிழை பூஜ்யமாகும் உள் இடம் 60 மில்லிமீட்டருக்கு இறங்கி வருகிறது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். எல்.பி.யின் நடுப்பகுதியில் சொற்பம் இழப்பு உண்டு, ஈ.பி.யில் கிடைக்கும் லாபத்துக்கு முன்னால் அது பெரிதில்லை.

அப்புறம் ஆன்டி ஸ்கேட்டிங். கைப்பிடியின் தலை வளைந்திருப்பதால் ஓடும்போது முள் உள்பக்கமாக இழுபடும், உள்சுவரில் அழுத்தி, வெளிச்சுவரில் பிடி விடும். அதைச் சமாளிக்க வெளிப்பக்கமாக இழுக்கும் திருகு அது. எடை எத்தனையோ அதே எண்ணில் ஆரம்பியுங்கள். பள்ளமில்லாத வெற்றுத் தட்டில் முள்ளை வைத்து அசையாமல் நிற்கிறதா என்று பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு, அங்கே உராய்வே வேறு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காதுதான் சரி. உரத்த இடத்தில் கரகரப்பு வலது ஸ்பீக்கரில் மட்டும் வந்தால் திருகைக் கூட்டுங்கள், இடதில் மட்டும் வந்தால் குறையுங்கள், இரண்டிலும் வந்தால் எடையைப் பாருங்கள் அல்லது முள் தேய்ந்துவிட்டதா என்று பாருங்கள். வைர முள்ளும் ஆயிரம் மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டியதுதான்.

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். முள்ளைத் தாங்கும் சின்னத் தண்டு உள்ளே ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது. மார்கழி, தை மாதத்து ஏற்காடு குளிரில் அந்த ரப்பர் இறுகிவிடும், அதே எடையில் மே மாதம் அழகாக ஓடிய முள் குளிரில் தடுமாறும். அறையைக் கொஞ்சம் கதகதப்பாக்கி, ஒரு பக்கம் ஓடவிட்டு, பிறகு உட்கார்ந்து கேளுங்கள், அல்லது கம்பெனி சொன்ன எல்லைக்குள் 0.1, 0.2 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள். சகலை வீட்டில் 1.8ஐ 1.9 ஆக்கியது இதனால்தான். மழைக்கால ஈரத்தில் ரெக்கார்டு மேல் பூஞ்சை படர்ந்து, அதைத் துடைக்காமலே முள்ளை வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், எடை எத்தனை சரியாக இருந்தாலும் அந்த அழுக்கு முள் நுனியில் திரண்டு பள்ளத்தைத் தொடவிடாது. கீழே சேலத்தில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை வெயில், ரெக்கார்டைச் சாய்த்தோ அடுக்கியோ வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். அலை அலையாக நெளிந்துபோன தட்டில் எடை மேட்டில் கூடிப் பள்ளத்தில் குறையும்.

சூட்கேஸ் மாதிரி வரும் விலை குறைந்த பிளேயர்களைப் பற்றியும் கட்டுரையில் பாராட்டி எழுதியிருந்தீர்கள். பார்க்க அழகுதான். அவற்றில் பலவற்றில் எடையை மாற்றவே வழியில்லை, 5 கிராமைத் தொடும் செராமிக் கார்ட்ரிட்ஜ் வைத்தே அனுப்புகிறார்கள். பழைய தட்டு, தேய்ந்த தட்டு என்றால் போட்டுக் கேளுங்கள். எக்கோ, இன்ரெக்கோ கம்பெனிகள் போட்ட நல்ல நிலையில் உள்ள தட்டு உங்களிடம் இருந்தால் அதை இந்தப் பெட்டியில் வைக்காதீர்கள். கொஞ்சம் பணம் சேர்த்து, எடைக்கட்டி உள்ள பிளேயர் வாங்கும்வரை பொறுத்திருங்கள்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள், உங்கள் பத்திரிகை வழியாகச் சொன்னால் கேட்பார்கள். பிளேயரை விற்கும்போது வாரன்டி அட்டையில் முத்திரை குத்துகிறீர்கள் அல்லவா, அதன் பக்கத்திலேயே கார்ட்ரிட்ஜின் பெயர், வைத்த எடை இத்தனை கிராம், பார்த்த தேதி என்று ஒரு வரி கையால் எழுதிக் கொடுங்கள். வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுக்கும் பையன்களுக்கு ஒரு எடைமானியும் ஒரு காகிதப் புரோட்ராக்டரும் வாங்கிக் கொடுத்து, மூடியைக் கழற்றிவிட்டுச் சமன் செய்யச் சொல்லிக் கொடுங்கள். ஏற்காட்டில் நடந்தது அந்தப் பையனின் குற்றம் என்று நான் நினைக்கவில்லை, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாங்குகிறவர்களும் பில் போடும் முன் “முள் எத்தனை கிராமுங்க?” என்று கேளுங்கள். பதில் வராத கடையில் வாங்க வேண்டாம்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தக் கட்டம் இருந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், “எடையைக் குறைக்காதீர்கள், கார்ட்ரிட்ஜ் கம்பெனி சொன்ன எடையை அளந்து வையுங்கள்” என்று திருத்தம் போடுங்கள். உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டால் போன வாரம் படித்தவர்கள் கண்ணில் படாது. இந்த வாரம் சேலத்தில் யாராவது எடையைக் குறைத்து வைத்திருந்தால், தட்டைப் போடும் முன் ஒருமுறை அளந்து பார்த்துவிடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.